பிரோன்ஸ்கியின் கொற்கை ஆக்கிரமிப்பு

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தும் கிருபாநிதிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. லூட்விக் பிரோன்ஸ்கி என்ற மனிதரைப் பற்றி ஒரு மணி நேரம் மைக்கில் பேச வேண்டும். பிரோன்ஸ்கி போலந்துக்காரர், தொல்லியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் அவர் நாட்டைப் பிடித்தபோது படாத பாடு பட்டவர்.

பேசுவதற்கு இடமும் இருந்தது. கொற்கையில் ஏர் போகிற இடமெல்லாம் பானை ஓடும் சங்கு வளையல் துண்டும் கிளம்பும். முன்பு முத்துத் துறைமுகமாக இருந்த ஊராயிற்றே. விவசாயிகள் பொறுக்கிக் கொடுத்ததையெல்லாம் கிருபாநிதி வாய்க்கால் ஓரம் ஒரு தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். அங்கேயே கூட்டம் நடத்த தாலுகா அலுவலகத்தில் முறைப்படி அனுமதி கேட்டார். பொருள்: 'ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒரு போலிஷ் தொல்லியலாளர்'.

அலுவலகத்தில் தட்டச்சு செய்தபோது ஒரு 'ஷ்' விழுந்துவிட்டது. 'ஆக்கிரமிப்பு - போலி தொல்லியலாளர் - கொற்கை' என்று கோப்பு தயாராகி, நேராக ஆக்கிரமிப்பு அகற்றும் அதிகாரி அருணாசலவடிவின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. கிருபாநிதியை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"ஆக்கிரமிப்பு செஞ்ச ஆள் பேரு?"

"பிரோன்ஸ்கி சார். ஆனா அவர் ஆக்கிரமிக்கல. அவர் நாட்டைத்தான் ஆக்கிரமிச்சாங்க."

"எத்தனை சென்ட்?"

"முழு நாடும் சார்."

அருணாசலவடிவு பேனாவைக் கீழே வைத்தார். "முழு நாடா! பட்டா யார் பேர்ல இருக்கு?"

"சார், அவர் போலி இல்ல. போலிஷ்."

"எந்தப் போலி தன்னைப் போலின்னு ஒத்துக்கிட்டான்? சரி, என்ன செஞ்சார்னு சொல்லுங்க."

கிருபாநிதி உருகிச் சொன்னார். ஜெர்மன்காரர்கள் பல்கலைக்கழகத்தை மூடினார்கள். அவர் தோண்டியெடுத்த பானைகளைக் காட்டி, 'இவையெல்லாம் ஜெர்மானியப் பாட்டன்மார் செய்தவை' என்று எழுதி பிரோன்ஸ்கியிடம் கையெழுத்துக் கேட்டார்கள். போட மாட்டேன் என்றார். வேலை போயிற்று. குண்டு விழுந்த வீடுகளுக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டிப் பிழைத்தார். பானைகளை நிலக்கரிக் கிடங்கில் புதைத்தார். மாணவர்களுக்கு அடுப்பங்கரைகளில் ரகசியமாகப் பாடம் நடத்தினார்.

அதிகாரி நிதானமாகக் குறித்துக்கொண்டார். "அரசு உத்தரவை மதிக்கல. சரக்கைப் பதுக்கியிருக்கார். அனுமதி இல்லாம டியூசன் வேற. ஆள் இப்ப எங்க?"

"செத்துப் போயிட்டார் சார்."

"அப்ப மேல்முறையீட்டுக்கு வழியில்ல. ரொம்பச் சௌகரியம்."

அடுத்த வாரமே கொற்கையிலிருந்து பேச்சிச்செல்வி போன் செய்தாள். ஓடுகளில் பாதி அவள் வயலில் கிடைத்தவை. "சார், இங்கன ஜேசிபி வந்து நிக்கி. வெரசா வாங்க!"

அவர் போய்ச் சேர்ந்தபோது கொட்டகையின் கூரை கீழே கிடந்தது. ஊரே திரண்டு நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. தடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த இடத்தில் 'பாரம்பரிய செல்ஃபி பாயின்ட்' வரப்போகிறது, மனை விலை ஏறும் என்று செய்தி பரவியிருந்தது. பேச்சிச்செல்வி மட்டும் பனையோலைக் கடகப்பெட்டியில் ஓடுகளை அள்ளிக்கொண்டு ஜேசிபிக்கு முன்னால் நின்றாள்.

"பழைய காலத்து ஓடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நிறுத்திருவாங்க."

அருணாசலவடிவு ஒரு தாளை நீட்டினார். "'அகற்றப்பட்டவை சாதாரண ஓடுகள், தொன்மை எதுவும் இல்லை.' இதில ஒரு கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா போலிக்கு உடந்தைன்னு உங்க கல்லூரிக்கு எழுத வேண்டி வரும். உங்க பதவி உயர்வு வேற நிலுவையில இருக்காமே?"

கிருபாநிதி பிரோன்ஸ்கியை நினைத்தார். பிரோன்ஸ்கி மகான், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குப் பதவி உயர்வு நிலுவையில் இருந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. கிருபாநிதி பேனாவை எடுத்தார். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

பேச்சிச்செல்வி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு விலகி நின்றாள். இரண்டாயிரம் வருஷத்து ஓடுகள் லாரியில் ஏறி, பள்ளம் நிரப்பப் போயின. கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டு போட்டு, ஆள் உயரத்துக்குப் பளபளவென்று ஒரு ஃபைபர் பானையை நட்டார்கள். சுற்றிலும் கலர் விளக்கு. திறப்பு விழாவுக்கு வரலாறு தெரிந்த பேச்சாளர் ஒருவர் தேவைப்பட்டார். அப்போதுதான் கிருபாநிதியின் பழைய விண்ணப்பம், தக்க பரிசீலனைக்குப் பின், 'ஷ்' சேர்த்து அனுமதிக்கப்பட்டது.

அருணாசலவடிவு தலைமை. சால்வை, மாலை. கிருபாநிதி அன்று பேசியதுபோல் என்றுமே பேசியதில்லை. 'போட மாட்டேன் என்றார் பிரோன்ஸ்கி!' என்று அவர் முழங்கியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேள்வி இருந்தா கேக்கலாம்," என்றார்கள்.

பேச்சிச்செல்வி எழுந்தாள். "அவரு போடலைன்னா, போடுததுக்கு வேற ஆளு கெடச்சிருப்பாம்லா சார்? அவன் என்ன ஆனான்?"

கிருபாநிதி வாயைத் திறந்தார்.

"முத்தான கேள்வி!" என்று அருணாசலவடிவு மைக்கை வாங்கினார். "அதுக்கு முந்தி, வடை ஆறிப்போகும்."

கூட்டம் மொத்தமாக எழுந்தது. மேடையிலிருந்து முதலில் இறங்கியவர் பேராசிரியர்தான். பிறகு எல்லோரும் பானைக்கு முன்னால் நெருங்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இடம் பற்றவில்லை.