மூன்று பூஜ்யம் வாங்கித் தந்த அழகி

என் மகள் தலையில் ஹேர்பேண்ட் மாட்டினால்கூட, "கழட்ட வருதான்னு பாத்துக்கோ" என்று நான் பத்துத் தடவை சொல்வேன். அவளுக்குப் பதினான்கு வயது. "மம்மி, கைக்கு இத்தா டென்ஷன்? எதுக்கு இவ்ளோ பயம்?" என்று எரிந்து விழுவாள். காரணத்தைச் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை. போன மாதம் அவளுக்கே தெரிந்துவிட்டது. இனி மறைத்துப் பயனில்லை. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: பத்தொன்பது வயதில் நான் ஒரு அழகி. சான்றிதழ் இருக்கிறது.

தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கும் ராமச்சந்திராபுரத்தில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் மகளிர் மன்றம் ஆண்டுதோறும் ஒரு 'மிஸ் டவுன்ஷிப்'பைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆண்டு போட்டியிட்டவர்கள் மூன்றே பேர். ஒருத்திக்கு அம்மை போட்டுவிட்டது. இன்னொருத்தி, "உங்கள் லட்சியம் என்ன?" என்று கேட்டதும் அழுதுவிட்டாள். மிஞ்சியவள் நான். (அழகு என்பது பெரும்பாலும் வருகைப்பதிவுதான்.)

பட்டம் பெற்றவள் ஓராண்டு குடியிருப்புக்குச் சேவை செய்ய வேண்டும். தடுப்பூசி முகாமில் அழுகிற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பது, மரக்கன்று நடுவது, இப்படி. கிரீடம் வழக்கமாக அட்டையில் ஜிகினாத் தாள் ஒட்டியதாக இருக்கும். என் அப்பா மெஷின் ஷாப்பில் ஃபோர்மேன், பாளையங்கோட்டைக்காரர். "கரண்டு ஸ்டேஷனுக்கே மெஷின் செய்யுதோம். எம் மவளுக்கு அட்டைக் கிரீடமா?" என்று அவர் ஷாப்பில் புலம்பியதில், டூல் ரூம் கரீம் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. வெர்னியர் காலிப்பரோடு வீட்டுக்கே வந்து என் தலையை எட்டு இடத்தில் அளந்தார். மிஞ்சிப்போன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில், பேரிங் செய்வதுபோல நூல் பிசகாமல், ஐந்து முனையோடு ஒரு கிரீடம் செய்து தந்தார். போட்டால் அசையாது. கழற்ற வேண்டுமானால் அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுக்க வேண்டும். அதனால் நான் அதிகம் கழற்றுவதில்லை. (பால் பூத்துக்கும் போட்டுக்கொண்டு போனேன். வரிசையில் ஒருவரும் வழிவிடவில்லை.)

என் முதல் பெரிய சேவை பாதுகாப்பு வாரத்தில் வாய்த்தது. அப்பாவின் ஷாப்பில் ஆட்கள் ஹெல்மெட் போட மாட்டார்கள், வேர்க்குமாம். நான் போய் ஹெல்மெட் போட்டுக் காட்டி, நாலு வார்த்தை பேச வேண்டும்.

அந்த ஷாப்பின் உள்சுவரில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. அன்றைக்கு அதில் முந்நூற்று அறுபத்துநாலு. யாருக்காவது ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு நாள் ஓடிவிட்டால் அப்பாவின் ஷாப்புக்கு ஷீல்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஆசைப்பட்ட ஒரே பொருள் அது. அம்மா ஷோகேஸில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

வாசலில் பாதுகாப்பு அதிகாரி ரெட்டி காரு என்னை நிறுத்தினார். "ஹெல்மெட் லேகுண்டா நோ என்ட்ரி அம்மா. கிரீடம் எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன் அங்கிள். கிரீடம் இல்லன்னா நான் யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" (எல்லாருக்கும் தெரியும். ஃபோர்மேன் மகள்.)

"ஏட்டி லில்லி, கழட்டி வைய்யி" என்றார் அப்பா. கிரீடம் இல்லாத போட்டோவை மன்றம் ஏற்காது என்றார் மகளிர் மன்றச் செயலாளர். அரசுத் தொழிற்சாலை அல்லவா, அங்கேயே ஒரு கூட்டம் நடந்தது. ஒருவருக்கும் மனக்குறை இல்லாத முடிவு எட்டப்பட்டது: கிரீடத்தின் மேலேயே ஹெல்மெட். பெரிய சைஸாகப் பார்த்து ஒருவர் அமுக்கி மாட்டிவிட்டார்.

உள்ளே மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடி நின்றார்கள். "சகோதரர்களே! ஹெல்மெட்டைப் போடுவதும் சுலபம், கழற்றுவதும் சுலபம்" என்று சொல்லிக் கழற்றிக் காட்டினேன்.

வரவில்லை. ஐந்து முனையும் ஹெல்மெட்டின் உள்பட்டைகளில் போய் மாட்டியிருந்தன. முன்பக்கம் சாய்த்து இழுத்தேன். இரண்டும் சேர்ந்து புருவம்வரை இறங்கின. "ஹவ், பஹுத் ஈஸி ஹை!" என்று, ரொம்ப ஈஸிதான் போல என, பின்னாலிருந்து ஒரு கேலிக் குரல். ஷாப்பே சிரித்தது. எனக்கு ரோஷம். இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருகினேன். மூக்கின் மேல் ஏதோ சூடாக வழிந்தது.

சிரிப்பு நின்றது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள்.

"குங்குமம்ப்பா. வேர்வையில கரைஞ்சிருச்சு" என்றேன். (நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். வீட்டில் குங்குமமே கிடையாது.)

"ஹிலோ நக்கோ பேட்டி, அசையாதே" என்று கரீம் பாய் ரம்பத்தோடு ஓடிவந்தார். பட்டைகளை அறுத்து ஹெல்மெட்டை எடுத்தார். பிறகு தன் கையால் செய்த கிரீடத்தைத் தன் கையாலேயே அறுத்தார். "க்யா ஃபிட்டிங் தா! என்னா ஃபிட்டிங்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்காக அல்ல.

புருவத்துக்கு மேல் ஓர் அங்குலக் கீறல். ரெட்டி காரு அப்பாவின் காதருகே குனிந்தார். "பாப்பா எம்ப்ளாயீ காது கதா சார், இங்க வேலை செய்யறவங்க இல்லயே. இது கணக்குல வராது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லாரையும்விட வேகமாக நான் ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் ரத்தம் வந்தது.

"ரத்தம் என் ஷாப்புலதான சார் விழுந்திருக்கு?" என்றார் அப்பா. தன் கைக்குட்டையை என் நெற்றியில் வைத்து, "அமுக்கிப் பிடிட்டி" என்று சொல்லிவிட்டு ஏணியை இழுத்துப் போட்டார். ஏறி, மூன்று எண்களையும் கழற்றி, மூன்று பூஜ்யங்களை மாட்டினார். ஒவ்வொன்றும் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இறங்கினார்.

முதலுதவி அறைவரை நான் அழுதுகொண்டே நடந்தேன். "ஷீல்டு போச்சேப்பா."

"அது மரக்கட்டைட்டி. இன்னும் ஒரு இஞ்சு கீழ எறங்கியிருந்தா கண்ணு..." முடிக்கவில்லை. என் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கித் தானே நெற்றியில் அமுக்கிப் பிடித்தார்; வழியெல்லாம் விடவில்லை. அன்று அது எனக்குப் புரியவில்லை. எனக்கு ஒரு மகள் பிறந்தபின் புரிந்தது.

மறுநாளிலிருந்து ஷாப்பில் எல்லாரும் ஹெல்மெட் போட்டார்களாம். என் சேவை பலித்தது என்று மகளிர் மன்ற அறிக்கையில் எழுதினார்கள். அப்பாவோ, பெண் பார்க்க வந்தவர்களிடமே, "எங்க ஷாப்புக்கு மூணு பூஜ்யம் வாங்கித் தந்தவ" என்றுதான் என்னை அறிமுகப்படுத்தினார். என் கணவர் இன்றும் என்னை 'மூணு பூஜ்யம்' என்றே கூப்பிடுகிறார். (மகள் அதை என் கணக்கு மார்க் என்று நினைத்திருந்தாள்.)

போன மாதம் அவள் பள்ளியிலிருந்து அந்தத் தொழிற்சாலையைப் பார்க்க அழைத்துப் போனார்கள். அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் தொற்றிக்கொண்டேன். வாசலில் பெரிய எச்சரிக்கைப் பலகை. மகள் உரக்கப் படித்தாள்: மோதிரம், வளையல், லுங்கி, கிரீடம் அணிந்தவர்கள் உள்ளே வரக் கூடாது.

"கிரீடமா? எந்தப் பாகல், எந்த லூசு கிரீடம் போட்டுட்டு ஃபேக்டரிக்கு வரும்?"

நரைத்த மீசைக் காவலாளி என் நெற்றித் தழும்பை உற்றுப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார். "ரண்டி, வாங்க, மிஸ் டவுன்ஷிப் காரு!"

நாற்பது பிள்ளைகளும் திரும்பினார்கள்.

இப்போதெல்லாம் நான் சர்ச்சுக்குக் கிளம்பினாலும் மகள் வாசலில் கையை நீட்டி மறிக்கிறாள். என் தலையைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, இப்போது எங்களோடு இருக்கும் தாத்தாவிடம் திரும்பி, "க்ளியர் ஹை தாத்தா, ஜானே தோ, போகட்டும்" என்கிறாள். அப்பா ஒவ்வொரு முறையும், "இன்னொரு தடவ நல்லாப் பாரு" என்கிறார்.