எல்ராய் மாமாவின் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா

"இதைப் போட்டுச் சுட்டீங்கன்னா மான் சாகுமோ என்னவோ, துப்பாக்கி செத்துரும்," என்று சொல்லிவிட்டு, துப்பாக்கிக் கடைக்காரி கிளென்டா தோட்டாப் பெட்டியை நார்பர்ட்டின் பக்கமே தள்ளினாள்.

நார்பர்ட்டுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் கடை அலமாரியிலிருந்தே இருப்பதிலேயே கனமான குண்டாகப் பொறுக்கி எடுத்திருந்தார். பெரிய மானுக்குப் பெரிய குண்டு என்பது அவர் கணக்கு.

"பெட்டியில இருக்கற நம்பரும் துப்பாக்கி நம்பரும் ஒண்ணுதானேம்மா?"

"நம்பர் ஒண்ணுதான். ஆனா இது பட்டாளத்துத் துப்பாக்கி. சுட்டதும் வர்ற புகையே ஒரு கம்பியைப் பின்னால தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்தும். இவ்வளவு கனத்தைத் தள்ளுற மருந்து அந்தக் கம்பியை வளைச்சுரும். உங்க மாமனார் என்ன போடுவாரு?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

எல்ராய் மாமா கொரியாவில் சண்டை போட்டுத் திரும்பியவர். அங்கே தூக்கிச் சுமந்த அதே வகைத் துப்பாக்கியைப் பிற்பாடு ஒன்று வாங்கி, விஸ்கான்சின் காட்டிலிருந்து வருடம் தவறாமல் ஒரு மான் கொண்டுவந்தார். இந்த வசந்தத்தில் காலமானார். போகும்போது துப்பாக்கியை மகனுக்குத் தராமல் மாப்பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் வெர்னுக்கு அது ஆறவே இல்லை. கடைசியில் சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து நடந்தது. இந்த வேட்டை சீசனில் நார்பர்ட் அந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குப் போய், வேட்டை உரிமத்தோடு தரும் தன் பெயர்ச் சீட்டை ஒரு மான் மேல் கட்டவேண்டும். கட்டினால் துப்பாக்கி அவருக்கு. இல்லாவிட்டால் வெர்னுக்கு. அதன் மரக்கட்டையை அறுத்தெறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் மாட்டப் போவதாக வெர்ன் இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நார்பர்ட் பாலாடைக்கட்டி ஆலையில் பால் சோதிப்பவர். மான் மேல் அவருக்குப் பெரிய ஆசை கிடையாது. மாமா மேல் இருந்தது. நகரத்துப் பையன் என்று இந்தக் குடும்பமே கேலி செய்த நாட்களில், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பியர் ஊற்றிக் கொடுத்த ஒரே மனுஷன் அவர். துப்பாக்கிக் கட்டையில் அவர் கை பட்டுப் பட்டு ஓர் இடம் வழவழவென்று இருந்தது. அதை ரம்பத்தால் அறுக்க நார்பர்ட் விடுவதாக இல்லை.

மாமியார் டெலோரஸ் அத்தையிடம் கேட்டால் தெரிந்திருக்கும். ஆனால் மாமா போனதிலிருந்து துப்பாக்கிப் பேச்சை எடுத்தாலே அத்தை எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளிடம் போய் எப்படிக் கேட்பது?

நார்பர்ட் யோசித்தார். பட்டாளத்துத் துப்பாக்கிக்குப் பட்டாளத்துத் தோட்டாதானே சரி? தேடிப் பிடித்து ஒரு பெட்டி வாங்கினார். கம்பி வளையாது, துப்பாக்கிக்குச் சொந்த வீட்டுச் சாப்பாடு மாதிரி. சந்தோஷமாகக் கொண்டுவந்து வெர்னிடம் காட்டினார்.

வெர்ன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், இது முழுக்கச் செம்பு போர்த்தின குண்டு! மனுஷனைச் சுடறதுக்குச் செஞ்சது. மானுக்குள்ள விரியவே விரியாது. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும். மான் சாகாம எங்கேயோ போய்க் கிடந்து அவதிப்படும். சட்டத்துலயே கூடாது. வேட்டையைக் கண்காணிக்கிற வார்டன் பார்த்தான்னா மானையும் பிடுங்கிட்டு உங்களையும் இழுத்துட்டுப் போவான்."

"வாங்கப் போறேன்னு சொன்னப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா துப்பாக்கி எனக்கு எப்படி வரும்?"

துப்பாக்கிக்கு ஆகிற தோட்டா மானுக்கு ஆகவில்லை, மானுக்கு ஆகிற தோட்டா துப்பாக்கிக்கு ஆகவில்லை. நார்பர்ட்டுக்கு இரண்டு வீட்டாருக்கும் நடுவில் சம்பந்தம் பேச வந்தவன் போல ஆகிவிட்டது.

ஆலையில் ஒருவர் வழி சொன்னார். குழாய் முனையில் இருக்கும் திருகை மாற்றி, புகையைக் கொஞ்சம் வெளியே விடுகிற திருகு ஒன்றைப் போட்டால் போதும், எந்தத் தோட்டாவும் போடலாம் என்றார். நார்பர்ட் அதை வாங்கி மாட்டினார். கம்பி வளைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஓட்டையை முழுக்கத் திறந்து வைத்தார். சுட்டால் புகையெல்லாம் வெளியே போய்விட்டது. கம்பி அசையவே இல்லை. என்னதான் கோளாறு என்று, தோட்டா அறையை மூடும் பூட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து வைத்துக் கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தபோது, அது சடாரென்று முன்னால் வந்து விரலை நசுக்கியது.

அவர் போட்ட கூச்சலில் மனைவி லவான் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்ன சுட்டீங்க?"

"என்னையே!"

விரல் வறுத்த சாசேஜ் மாதிரி வீங்கிவிட்டது. லவான் ஐஸ் வைத்துக் கட்டினாள். "அண்ணன்கிட்டயே குடுத்துத் தொலைங்களேன். அப்பா என்ன வந்து கேக்கவா போறாரு?" என்றாள். சொன்ன உடனே அவளுக்கே அழுகை வந்துவிட்டது. நார்பர்ட் நல்ல கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, பழைய திருகையே திரும்ப மாட்டினார்.

சீசன் தொடங்க ஒரே நாள் இருக்கும்போது கிளென்டா போன் செய்தாள். இந்தத் துப்பாக்கிக்கென்றே அடக்கமாக மருந்து போட்டு, மானுக்கு ஏற்ற மாதிரி முனை மிருதுவாக இருக்கிற தோட்டா ஒன்று இருக்கிறதாம். மூன்று மணி நேரம் தள்ளி ஒரு கடையில் கடைசிப் பெட்டி கிடக்கிறதாம். நார்பர்ட் பனியில் கிளம்பினார். பெட்டி கிடைத்தது. திரும்பி வரும்போது கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. வழியில் ஒரு மோட்டலில் படுத்து, காலையில் ஒரு விவசாயி டிராக்டர் வைத்து இழுத்துவிட்ட பிறகுதான், வேட்டைக்காகக் குடும்பமே வந்து தங்கும் காட்டு வீட்டுக்கு வந்து சேர முடிந்தது. நன்றாக விடிந்திருந்தது.

எல்லோரும் எப்போதோ காட்டுக்குள் போயாயிற்று. டெலோரஸ் அத்தை மட்டும் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டோடு அடுப்படியில் நின்று பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்ளே. இப்படி நடுங்குறீங்களே, முதல்ல உக்காருங்க."

நார்பர்ட் உட்காரவில்லை. பெட்டியை அவள் முன்னால் வைத்தார். "கெடச்சிருச்சு அத்தே. கம்பியை வளைக்காது. மானையும் அலைய விடாது. சட்டத்துக்கும் சரி." பெட்டியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மாமா இதைத்தான் போடுவாரா?"

அத்தை இந்த முறை உள்ளே போய்விடவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவரு ஒண்ணுமே போடமாட்டாரு மாப்ளே."

"ஒண்ணுமேன்னா?"

"காலித் துப்பாக்கிதான். கொரியாவில சுட்டதே இந்த ஜன்மத்துக்குப் போதும்னுட்டாரு. ஆனா அது தோள்ல இல்லாம அவரால மரங்களுக்கு நடுவுல நடக்கவும் முடியாது. வெர்னுக்கு இதெல்லாம் புரியாது, உங்களுக்குப் புரியும்னு சொன்னாரு."

நார்பர்ட் அப்போதுதான் உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. மாமா பேசாமல் உட்கார்ந்திருந்த மாலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. பிறகுதான் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது.

"அப்ப, வருஷா வருஷம் வீட்டுக்கு வந்த மான்?"

அத்தை பிளாஸ்க்கை மூடி அவர் கையில் கொடுத்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த தன் சின்னத் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினாள்.

"ஒரே கூட்டமாப் போனா ஒருத்தர் சுட்டதுக்கு இன்னொருத்தர் சீட்டைக் கட்டலாம்னு சட்டமே இருக்கு மாப்ளே; அவரு துப்பாக்கியைக் காலியாவே தோள்ல மாட்டிக்கிட்டு, சத்தம் போடாம என் பின்னாலயே வாங்க, உங்க மாமாவும் அப்படித்தான் வருவாரு."