எழுத்தில்லா நூலும் ஒரு டம்ளர் தண்ணீரும்

இளைய தலைமுறைக்காக, எழுத்தே இல்லாத அறிவியல் நூலை முதன்முதலில் வெளியிட்ட பெருமை எங்கள் 'தீவு இளையோர் அறிவியல் நூலாக்கக் குழு'வையே சாரும். சாராது என்று யாராவது சொன்னால், சாரும் என்று ஒரு தீர்மானம் போட்டுக்கொள்வோம். எங்களிடம் தீர்மானத்துக்குப் பஞ்சமில்லை.

குழுவின் தலைவர் சிவப்பிரகாசம். அதாவது நான். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் எனக்கு ஹார்டுவேர் கடை. கடைக்கு மேலே ஒரு ஹால், ஹாலில் ஏசி. அறிவியல் குழுவுக்குத் தலைவராக இதைவிட என்ன தகுதி வேண்டும்? புத்தகம் படிக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. ஆகவே எந்தப் புத்தகத்தின் மீதும் எனக்கு ஓரவஞ்சனையும் கிடையாது.

ஆரம்பத்தில் எங்கள் நூலிலும் எழுத்து இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை உமா மகேஸ்வரி கட்டுக் கட்டாக எழுதிக்கொண்டு வந்தார். அலை ஏன் அடிக்கிறது, டிங்கிப் படகின் மோட்டார் எப்படி ஓடுகிறது, நிலநடுக்கம் வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், உப்புத் தண்ணீரை எப்படிக் குடிதண்ணீர் ஆக்குவது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். பாவம், எத்தனை பேனா தேய்ந்ததோ!

அப்போதுதான் எங்கள் தொழில்நுட்ப ஆலோசகர் சுதாகர் வாய் திறந்தார். சென்னையில் ஏதோ மாநாட்டுக்குப் போய், கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் கழற்றாமலே திரும்பி வந்தவர் அவர்.

"சார், மெயின்லேண்ட்ல பசங்க இப்ப எழுத்தே படிக்கிறதில்ல. ஸ்கேன் பண்ணு, வீடியோ பாரு. கத்தம், முடிஞ்சுது!"

"எது கத்தம்? எழுத்தா, பசங்களா?" என்றார் டீச்சர்.

முதலில் சமன்பாடுகளை எடுத்தோம். பிறகு நீளமான வாக்கியங்களை எடுத்தோம். நூல் எளிமையாகிக்கொண்டே வந்தது. சிறிய வாக்கியங்களையும் எடுத்தபோது முழுமையான எளிமையை அடைந்துவிட்டது. கடைசியில் பக்கத்துக்கு ஒரு வண்ணப் படம், கீழே ஒரு கியூஆர் கட்டம் என்று நின்றது. பளபளக்கும் தாள், இழுத்தாலும் கிழியாது.

"ஒரு ராத்திரிக் கப்பல் தூரத்துல இருக்கிற ஹட் பேல நெட் ஏதுங்க?" என்று டீச்சர் குறுக்கே வந்தார். "கப்பல் ஜெட்டிப் பக்கம் போனாத்தான் ஒரு கோடு காட்டும். மேகம் மூடினா அதுவும் போயிடும்."

"டவர் வரும் மேடம். புக்கு ரெடியா இருந்தா டவர் தானா வரும்," என்றார் சுதாகர்.

"கோயிலைக் கட்டினால் சாமி வராமலா போகும்?" என்று நானும் எடுத்துக் கொடுத்தேன்.

"அந்த உப்புத்தண்ணிப் பாடத்தையாவது விடுங்க சார். சுனாமிக்கு அப்புறம் அங்க எத்தன கெணறு உப்பாயிருச்சு, தெரியுமா? ஒரு தகர டப்பா, மேல ஒரு கண்ணாடி, மத்ததை வெயில் பாத்துக்கும். ரெண்டே பக்கம்."

"தகர டப்பாவா? அரே மேடம், இது டெக்னாலஜி புக்கு!" சுதாகருக்கு முகமே சுருங்கிவிட்டது.

தகர டப்பா ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. நூலில் எழுத்து இல்லாததால் எழுத்தாளரும் தேவைப்படவில்லை. டீச்சரின் பெயரை மிகுந்த நன்றியுடன் நீக்கினோம்.

காணொளிகளில் தோன்ற ஓர் 'அறிவியல் முகம்' வேண்டியிருந்தது. குழுவில் மூக்குக் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான். தெரிந்த லேப் டெக்னீஷியனிடம் வெள்ளைக் கோட்டை இரவல் வாங்கினேன். தோளில் கொஞ்சம் பிடித்தது, பரவாயில்லை. சில நொடிகளுக்கு மேல் போனால் இளைய மூளை தாங்காது என்று சுதாகர் சொன்னதால், எல்லா அத்தியாயங்களையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டோம். அவர் சொல்லித் தந்ததை நான் உணர்ச்சி பொங்கச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது மனதில் தங்கவில்லை. பெரிய நடிகர்களுக்கு அப்படித்தானாம்.

வெளியீட்டு விழாவை ஹட் பேயைத் தாண்டி ஒரு பள்ளியில் வைத்தோம். அங்கே அறிவியல் ஆசிரியை லீவு போட்டு மெயின்லேண்டுக்குப் போனவர், பூஜை விடுமுறை முடிந்து, பொங்கலும் முடிந்து, இன்னும் கப்பல் ஏறவில்லை. தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார்.

"கவலையை விடுங்கள்! நூல் வந்துவிட்டது. இனி ஆசிரியர் எதற்கு?" என்று மேடையில் முழங்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியர் வேண்டாம் என்றால் எந்தப் பிள்ளைதான் கைதட்டாது?

ஆளுக்கொரு நூல் கொடுத்தோம். வீட்டிலிருந்து கொண்டு வந்த செல்போன்களைப் பிள்ளைகள் நூலுக்கு நேரே பிடித்தார்கள். மண்டபமே நிசப்தமானது. எல்லாத் திரையிலும் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பொறுமை என்னும் அறிவியல் பண்பை எங்கள் நூல் அந்தக் கணமே கற்பிக்கத் தொடங்கியதைக் கண்டு எனக்குக் கண் கலங்கியது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் பானு, ஒன்பதாம் வகுப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே பனையெண்ணெய்த் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தோட்டம் மூடியபின் அப்பா தம்பையா ஜெட்டியில் மூட்டை இறக்குகிறார்.

"சார், சுத்திக்கிட்டே இருக்கு சார்."

"பூமியும்தான் சுற்றுகிறது. நிறுத்தச் சொல்வாயா?"

மறுபடி கைதட்டல். ஆனால் அவள் உட்காரவில்லை. சில பிள்ளைகளுக்கு எத்தனை கைதட்டினாலும் புரியாது.

"உப்புத்தண்ணிய நல்ல தண்ணியாக்குற பக்கம் எது சார்?"

நானே எடுத்துக் காட்டினேன். அழகான பக்கம். கண்ணாடி டம்ளரில் ஸ்படிகம் போலத் தண்ணீர், கீழே கட்டம்.

"இதுல எப்படின்னு போடலையே சார்?"

"அதெல்லாம் கட்டத்துக்குள் இருக்கிறது, கண்ணு."

"எங்க கெணறு உப்பு சார். ஸ்கூல் பைப்புல தண்ணி விடுற அன்னிக்கு அம்மா வந்து தூக்கிட்டுப் போகுது. இடுப்பு ஒடஞ்சு போச்சு சார் அதுக்கு. தண்ணி விடாத அன்னிக்கு அந்த உப்பத்தான் குடிக்கிறோம்."

எனக்கு உள்ளம் உருகியது. உள்ளம் உருகினால் அறிவிப்பு வெளியிடுவது என் வழக்கம். "போர்ட் பிளேரில் நம் குழு அறிவியல் கண்காட்சி நடத்தும்! முதல் பரிசு பெறும் கருவியை, என் கடைப் பொருளைக்கொண்டே மாணவர் வீட்டில் நிறுவித் தருவோம்! ஒரே விதி. நம் நூலில் உள்ளதை, உள்ளபடியே செய்ய வேண்டும். வெளியே கற்றதைக் கொண்டு வந்தால் செல்லாது!"

"அப்ப எங்க வீட்டுல வச்சுத் தருவீங்களா சார்? நெசமாவா?" என்று பானு கேட்டாள். நெசமாத்தான் என்றேன். அவள் நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, எழுத்தை எடுத்தது எவ்வளவு சரி என்று தோன்றியது.

கண்காட்சி மார்ச்சில் நடந்தது. நல்ல வெயில். கரண்டு போனதால் எங்கள் ஹாலின் அறிவியல் தகுதியான ஏசியும் ஓடவில்லை. தலைமை விருந்தினர் விஞ்ஞானி டாக்டர் திருநாவுக்கரசு, மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்திருந்தார். அவருக்கு நூலின் மேன்மையை விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

போர்ட் பிளேர் பிள்ளைகளின் மேசைகளில் எரிமலைகள் நுரை கக்கின. கடைசி மேசையில் பானு. ராத்திரிக் கப்பலில் அப்பாவோடு வந்திருந்தாள். மேசை மேல் எங்கள் நூல், ஒரு செல்போன், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு டம்ளர். வேறெதுவும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை தூரம் வந்து வெறுங்கையோடா நிற்பது?

"உன் கருவி எங்கேம்மா?" என்றார் டாக்டர்.

"செய்யல சார். புக்குல அந்தப் பக்கம் எங்க ஊருல ஒரு நாளும் தொறக்கல. ஜெட்டியிலகூட நின்னு பாத்துட்டேன். கப்பல் இந்த ஊரு ஹார்பருக்குள்ள வந்தப்பறந்தான் தொறந்துச்சு."

"பார்த்தீர்களா, திறந்துவிட்டது! நான் சொன்னேன் இல்லையா?" என்று பூரித்துப் போனேன்.

"திறந்ததுல என்னம்மா இருந்தது?"

அவள் போனை நிமிர்த்தி வைத்தாள். இசை ஒலித்தது. எங்கள் குழுவின் சின்னம் சுழன்று வந்தது. பிறகு வெள்ளைக் கோட்டில் நான். என்ன கம்பீரம்!

"உப்பு நீரைக் குடிநீராக்க முடியுமா? முடியும்!" என்று திரையில் கர்ஜித்தேன். "எப்படி?" ஒரு விரலை உயர்த்தினேன். எனக்கே ஆவலாக இருந்தது. "உங்கள் அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள்!"

மீண்டும் இசை. அவ்வளவுதான்.

டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். "டீச்சரைக் கேட்டியாம்மா?"

"டீச்சர் இன்னும் வரல சார். டீச்சருக்குப் பதிலாத்தான் புக்கு வந்திருக்குன்னு சார் மேடையில சொன்னாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கோட்டு போட்டிருக்கிறது நீங்கதானே? நீங்களே சொல்லிடுங்க. பிள்ளை கடல் தாண்டி வந்திருக்கு."

சுதாகரைத் தேடினேன். அவர் ஜன்னலோரம் நின்று போனில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். உமா மகேஸ்வரி டீச்சரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் எழுத்தாளர் தேவையில்லை என்று அவருக்கு அழைப்பே அனுப்பவில்லை. எரிமலைப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். தம்பையா கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தார். வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பானு பாட்டிலைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள். முகத்தில் கேலி துளியும் இல்லை. "குடிச்சிட்டுச் சொல்லுங்க சார்."

மகராசி! டம்ளரைக் கவிழ்த்து வாய் நிறைய வாங்கினேன். அடுத்த கணம் அவ்வளவையும் எங்கள் நூலின் மீதே துப்பினேன். தாள் தரமானது, ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வழிந்து ஓடியது.

"தூ! என்ன தண்ணி இது?"

"எங்க கெணத்துத் தண்ணி சார். இதத்தான் மாத்தணும்னு கொண்டாந்தேன்," என்று சொல்லி, பாவாடை நுனியால் நூலைத் துடைத்தாள் பானு. "நீங்க துப்பிட்டீங்க சார். நாங்க முழுங்குறோம்."