அருவிக்கரை டீச்சர்

“மின்தடை கூடினா, மின்னோட்டம்…” என்றது போன். அதற்குமேல் ஹோவென்று ஒரே இரைச்சல்.

“கூடினா என்ன ஆவும்?” என்று அனுசியா தலையில் கைவைத்தாள்.

பத்தாம் வகுப்பில் அறிவியலில் கோட்டை விட்டவள், துணைத்தேர்வு நெருங்குகிறது. இதிலும் தவறினால் ஒரு வருடம் வீண். யூடியூபில் முகம் காட்டாமல், கையையும் பலகையையும் மட்டும் காட்டி இலவசமாகப் பாடம் நடத்தும் இந்த டீச்சரால்தான் அவளுக்குப் பாதி பாடம் மண்டையில் ஏறியது. அந்தப் புண்ணியவதியை நினைத்தாலே அவள் அப்பா இசக்கிதுரைக்குக் கண் கலங்கும். தென்காசியில் மாவு மில் வைத்திருப்பவர் அவர்.

“பேச்சு நம்மூருப் பேச்சு. சத்தத்தப் பாத்தா, குத்தாலத்துல அருவிப் பக்கம் குடியிருக்காவ போல. சாயங்காலம் வேண்டாம், காலைல எடுக்கச் சொல்லி கமெண்ட்ல எழுதுட்டி.”

டீச்சர் சரியென்று பதில் போட்டார். சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்று இசக்கிதுரை மில்லில் அரைப்பு வேலையையெல்லாம் காலையிலேயே முடித்தார். பாடத்தில் இரைச்சல் இன்னும் கூடியிருந்தது.

மதியம் எடுக்கச் சொல்லி எழுதினாள். அன்று காலை இசக்கிதுரை மகளின் ஹால் டிக்கெட்டுக்கு அலைந்ததில் அரைப்பு மதியத்துக்குத் தள்ளிப்போனது. பாடத்தில் டீச்சரின் கை மட்டும் ஆடியது. பேச்சு கேட்கவே இல்லை.

“அருவில தண்ணி கூடிட்டு,” என்றார் இசக்கிதுரை. “நேர்ல போயி நன்றி சொல்லிட்டு, நம்ம மில்லு மாடிய ஒழிச்சுத் தாரேன், இங்கன வந்து எடுங்கன்னு கூப்பிட்டுருதேன்.”

மறுநாள் மில்லைப் பூட்டிவிட்டு, ஒரு பை புட்டு மாவோடு குற்றாலம் போனார். சாரலில் தெருத்தெருவாக விசாரித்தார். அப்படி ஒரு டீச்சரை யாருக்கும் தெரியவில்லை. தொப்பலாக நனைந்து பொழுது சாயத் திரும்பினார்.

அனுசியா மில் வாசலுக்கே ஓடிவந்தாள். “அப்பா, இன்னைக்குப் பாடம் தெளிவா கேக்குது. மின்தடை கூடினா மின்னோட்டம் கொறையும். எல்லாம் புரிஞ்சிட்டு.”

“அருவி அந்தப் போடு போடுது. எப்படிட்டி கேக்கும்?”

அரிசி டப்பாவோடு காத்திருந்த பின்வீட்டு ஜன்னத் எழுந்தாள்.

“சீக்கிரம் தெறங்க அண்ணாச்சி. நீங்க மில்லப் பூட்டுனதுல எங்க மருமவ நூர்நிஷா இன்னைக்குத்தான் நிம்மதியா வீடியோ எடுத்தா. சத்தத்தப் பத்தி உங்ககிட்ட சொல்லுதேன்னா, ‘வேண்டாம் மாமி, பாவம், பிள்ளையப் படிக்க வைக்கிற மனுசன்’னு விடவே மாட்டேங்கா.”