மல்லூர் மேட்டில் சம்பந்தியம்மாளின் குளிர் போக்கிய விவரம்

புதுச்சத்திரம்,
மார்கழி 11

சிரஞ்சீவி தங்கமுத்துவுக்கு அப்பா வீரபாகு மனம் நிறைந்த ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எருமையும் நல்ல சுகம், என் மீசையின் இடது பாதி நீங்கலாக. அந்த மீசையால் நேற்றுத் தபாலாபீசில் மானம் போயிற்று. நீ அனுப்பின பார்சலுக்குக் கை நீட்டினால் போஸ்ட்மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, “வீரபாகுவையே வரச் சொல்லுப்பா, கண்டவன் கையில தர முடியாது” என்கிறார். வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டின பிறகுதான் கொடுத்தார்.

மீசை போன விவரம் இது. தீபாவளிக்கு வந்தபோது உன் பெங்களூர் ஏரோப்ளேன் பட்டறை வேலையைப் பற்றிச் சொன்னாய் அல்லவா, மேலே போகப் போகக் குளிர் எலும்பைக் கடிக்கும், எஞ்சின் சூட்டைக் குழாய் வழியே உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் திருப்பினால் அவர்களுக்கு இதம், அளவுக்கு மேல் திருப்பினால் எஞ்சின் பலம் குறைந்து பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், நடுவில் எங்கே நிற்பது என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறோம் என்று. எட்டாவது வரை படித்த மண்டை ஒன்று இங்கே சும்மாத்தானே கிடக்கிறது, அதையும் உடைத்துப் பார்ப்போம் என்று தோன்றிவிட்டது. யுத்தத்தில் பெட்ரோல் அற்றுப்போனதிலிருந்து நான் டிக்கெட் கிழிக்கிற நம் பஸ் முதுகில் கரியுலையைக் கட்டிக்கொண்டு அதன் வாயுவில்தானே ஓடுகிறது? உலையைச் சுற்றித் தகரம் அடித்து, அதிலிருந்து ஒரு குழாயை சீட்டுகளுக்கு அடியில் விட்டு, குழாய்க்கு ஒரு மூடியும் மூடிக்கு ஒரு கயிறும் கட்டினேன். இழுத்தால் சூடு ஆட்களுக்கு, விட்டால் உலைக்கு. நானே மெச்சிக்கொண்டேன், வேறு யாரும் மெச்சவில்லை.

தங்கள் மகள் வசந்தாமணியை உனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் குமாரபாளையம் சென்னிமலையும் அவர் சம்சாரம் உண்ணாமலையும் நம் வீட்டைப் பார்க்கப் போன திங்கட்கிழமை விடியலில் சேலத்தில் பஸ் ஏறினார்கள். நல்ல பனி. மாப்பிள்ளையின் வித்தையை மாப்பிள்ளையின் அப்பன் காட்ட இதைவிட நல்ல நாள் ஏது என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். இழுத்தேன். பின்சீட்டு வெற்றிலை வியாபாரி எழுந்து, “ஏனுங்க, அடியில வேகுதுங்க, வெத்தலக் கட்டெல்லாம் வதங்குது!” என்கிறார். முன்சீட்டுக்காரர், “இங்க வெறைக்குதுங்க, பஸ்ஸுக்கு மூஞ்சி ஒரு ஊரு, முதுகு ஒரு ஊருங்களா?” என்கிறார். டிரைவர் மொய்தீன் திரும்பிப் பாராமலே, “அண்ணே, கயித்த விடுங்க, மல்லூர் மேடு வருது, வண்டிக்கு மூச்சு முட்டுது” என்றான். விட்டேன். வண்டி பாய்ந்தது. அப்போது பல் கிடுகிடுக்க உண்ணாமலை சொன்னார்: “இழுங்க சம்பந்தி, காலு மரத்துப் போச்சுங்க.”

சம்பந்தி! மூன்று மாதமாக ‘ஏனுங்க’வைத் தாண்டாத வாய்! உன் கல்யாணமே அந்தக் கயிற்று நுனியில் தொங்குவதாகப் பட்டது. மொய்தீன் ‘வேணாண்ணே வேணாண்ணே’ என்று கத்தக் கத்த ஒரே இழுப்பாக இழுத்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது, மூடி திறந்தபடியே மாட்டிக்கொண்டது. சூடெல்லாம் சீட்டுக்கு அடியில் போக, உலை ஆறி, பஸ் மேட்டின் பாதியில் ஒரு பெருமூச்சு விட்டு நின்று, பிறகு வந்த வழியே பின்னால் உருள ஆரம்பித்தது. மொய்தீன் பிரேக்கின்மேல் ஏறி நின்று நிறுத்தினான். என்ன ஆயிற்று என்று உலையைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மீசை அங்கேதான் போயிற்று.

பிறகென்ன, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சென்னிமலை போர்த்தியிருந்த துப்பட்டியை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டார். உண்ணாமலையும் கை கொடுத்தார். உச்சியை அடைந்தபோது ஆளாளுக்கு வேர்த்து வடிந்தது. “இப்பத்தானுங்க குளிர் உட்டுது” என்றார் சென்னிமலை. பார்த்தாயா, ஒரு துண்டு கரி செலவில்லாமல் அத்தனை பேருக்கும் இதம்! ஆகாயத்தில் இறங்கித் தள்ள முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் உன் ஏரோப்ளேனில் சீட்டுக்கு ஒரு கைப்பிடி வைத்து, குளிர்கிறவர்களைச் சுற்றச் சொல். துரைமார் உடம்புக்கும் நல்லது.

முகத்தைத் துடைத்துக்கொண்டே சென்னிமலை கேட்டார்: “உங்க பையனுக்கும் இதே வேலைதானுங்களா?”

“இதேதானுங்க, கொஞ்சம் உசரத்துல.”

“அது நின்னு போனா எறங்கித் தள்ள முடியாதுங்களே. பையன் அதுல ஏறுவானுங்களா? ஏறுனா எங்க புள்ளயத் தர மாட்டோமுங்க.”

பொங்கல் கழிந்ததும் நீயே மேலே போய்ச் சூட்டை அளக்க வேண்டியிருக்கும் என்று நீ சொன்னது காதுக்குள் கேட்டது. “அவன் காலு எப்பவும் தரையிலதானுங்க” என்றேன். வீடு சேரும் வரைக்கும் உண்ணாமலை என்னைச் சம்பந்தி என்றே கூப்பிட்டார். வசந்தாமணி உனக்குத்தான், தையில் நிச்சயம்.

உன் அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். நாமக்கல் ஆஞ்சநேயர் உனக்குத் துணையிருப்பார், அவருக்கும் பறக்கிற பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
அப்பா வீரபாகு

பின்குறிப்பு: மேலே சொன்ன யோசனை எதையும் உன் பட்டறைத் துரையிடம் சொல்லி வைக்காதே. நீ ஏறுகிற அன்றைக்குக் குழாயை இறுக மூடிவிட்டுச் சூடு முழுவதையும் எஞ்சினுக்கே விடு. மற்றவர்கள் நடுங்கினால் நடுங்கட்டும், நீயும் நடுங்கிக்கொண்டே பத்திரமாக இறங்கி வா. மேட்டில் பஸ் பின்னால் உருண்டபோது ஆளாளுக்குச் சாமி பேரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், சம்பந்திகள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி, ‘தங்கமுத்து, அதுல ஏறாத சாமி’ என்றுதான் வந்திருக்கும்.