மிளகாய் விழுதோடு முந்திக்கொண்ட பஸ் பாஸ்

அரில்யே,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த ஷிவ்கா சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் துன்யா எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து, உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். நாங்கள் நலம். கிராட்ஸில் நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள். போனில் பேசினால் அம்மாவும் நீங்களும் அழ ஆரம்பித்துவிடுவதால் விஷயம் முடிவதில்லை, ஆகவே கடிதம் எழுதும்படி அப்பா சொன்னார்.

கோசாரா அக்கா பல்கலைக்கழகம் திறப்பதற்குள் முதுகுப்பையோடு தனியாக ஊர் சுற்றப் போகிறாள் அல்லவா? அதற்கு இரண்டு வகை பஸ் பாஸ் இருந்தன. ஒன்றில் பதினைந்து நாள் எத்தனை பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறலாம். மற்றதில் மூன்று மாதத்துக்குள் ஏழு பயணம். விதிமுறைகளை முழுதும் படித்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான், அட்டவணையும் போட்டேன். அக்கா முதலாவதைக் கேட்டாள். பஸ்ஸிலேயே தூங்கினால் தங்கும் செலவு மிச்சம். அப்பா அட்டவணையைப் பார்க்காமல் விரல்விட்டு எண்ணினார். உங்கள் வீட்டில் தொடங்கி ஸ்டுட்கார்ட் பெரியப்பா வரை வெளிநாட்டில் நமக்கு ஏழு வீடு.

“பாத்தியா, நமக்குன்னே போட்டிருக்கான்!”

“அப்பா, நான் ஊர் பாக்கப் போறேன். சொந்தக்காரங்க தலையை எண்ணப் போகல.”

“பாரேன், யாரு வேணாம்னா? பாத்துட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடு.”

“ஏழு வீடுன்னா ஏழு பாட்டில் விழுது” என்று அம்மா குடைமிளகாய் சுடப் போய்விட்டார்.

ஏழு பயணப் பாஸே வந்தது. உங்கள் வீடு வரையாவது பிள்ளை ஏன் சுமக்க வேண்டும் என்று, விழுது பாட்டில்கள் ஏழையும் பெட்டியில் கட்டி, நேற்று கிராட்ஸ் பஸ் ஓட்டுநர் திஹோமிர் மாமாவிடம் உங்களுக்குக் கொடுத்தனுப்பினோம். நம் ஊரில் பத்திரமாகப் போக வேண்டியது எதுவும் பஸ் ஓட்டுநரிடம்தான் போகும். போன வருடம் பெரியப்பாவின் பல்செட்கூட அப்படித்தான் போனது. இன்று சாப்பிடும்போது அக்கா கேட்டாள்:

“அம்மா, என் பாஸ் எங்க?”

“அதெல்லாம் பத்திரமா போயிடுச்சுடி. பாட்டிலோடயே வச்சு அனுப்பிட்டேன்.”

“நான் இன்னும் போகலையேம்மா!”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அச்சிட்ட தாள் இல்லாமல் பஸ்ஸில் ஏற முடியாது என்று விதி ஒன்பதை நான் வாசித்துக் காட்டினேன். யாரும் நன்றி சொல்லவில்லை. அக்கா சனிக்கிழமை கிளம்ப வேண்டும்.

ஆகவே சித்தி, நாளை திஹோமிர் மாமா இந்தக் கடிதத்தோடு வருவார். பெட்டியைத் திறந்து, பாஸை அவரிடமே கொடுத்தனுப்புங்கள். மிக அவசரம். பாட்டிலைத் திறந்தால் மேலே எண்ணெய் ஊற்றி வைக்கும்படி அம்மா சொல்கிறார். சித்தப்பாவின் முழங்காலுக்கு எங்கள் அனைவரின் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள
துன்யா

பின்குறிப்பு: அக்கா இதைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். பதினைந்து நாள் பாஸ்! ராஸ்பெரி பறித்த கூலியில் வாங்கியிருக்கிறாள். அம்மா மற்ற பாஸைப் பெட்டிக்குள் வைத்தபோது, ஒட்டு நாடாவை நீட்டியவளே இவள்தானாம். அந்தப் பாஸ் வராவிட்டால், பெல்கிராடில் நகல் வாங்கிக்கொள்கிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாளாம். அங்கிருந்து அவள் பஸ் கிரீஸுக்குப் போகிறது. அங்கே நமக்கு ஒரு வீடும் இல்லை, நான் சரிபார்த்தேன். “இதையும் எழுதுவியாடி, நீதிபதி அம்மா?” என்று கேட்டாள். எழுதுவேன் என்றேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எழுதிவிட்டேன். ஆகவே சித்தி, அவசரம் என்று மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வரை பெட்டியைத் திறக்காமல் இருந்தால், அம்மா போனில் கேட்டாலும், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு உண்மையாகவே தெரியாது. இன்னும் எழுதியிருப்பேன், ஆனால் அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.