கம்பியை எண்ணாத கணக்கு

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது பக்கத்துத் தெரு சுல்தானாதான். நோன்புப் பெருநாள் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, ஆம்பளைகள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம். அல்லாஹ் மன்னிக்கட்டும், தஸ்பீஹ் மணி கையில் இருக்கும்போதே சிரித்துவிட்டேன்.

அவள் வீட்டுக்காரர் நூர்முகம்மது அண்ணன் சிங்கப்பூர் சம்பாத்தியம் போதும் என்று சொந்த ஊரான முதுநகருக்கே திரும்பியவர். இந்த வயசில் பளு தூக்கினால் எலும்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாளே கூடத்தில் நீளமாக ஒரு கம்பியும் இரும்புத் தட்டுகளும் வந்து இறங்கின. தூக்கக் கற்றுக்கொடுத்தது ஜிம்மில் கோச்சாக இருக்கும் என் மகன் நவ்ஷாத். இந்தப் பக்கம் ஒரு பத்துக் கிலோ தட்டு, அந்தப் பக்கம் ஒன்று. அண்ணன் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து மீன் வாங்கப் போனாலும் நெஞ்சு முன்னால் போகும், அவர் பின்னால் போவார். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்கிறவர்களிடம்கூட, இருபது கிலோ தூக்குகிறேன் என்று சொல்லாமல் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து, சிதம்பரத்தில் மகள் நஜியாவுக்கு ரெண்டாவது பிரசவம். நாற்பது நாளும் கூட இருக்கணும் என்று சுல்தானாவுக்குத் துடிப்பு. அண்ணன் விடவில்லை. அவருக்கு முட்டையும் கொண்டைக்கடலையும் யார் அவித்துக் கொடுப்பார்களாம்?

அழுது ஆகப் போவது ஒன்றுமில்லை. நவ்ஷாத் வந்திருந்தபோது புருஷனிடம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"மச்சான், நீங்க தூக்குற இருபது கிலோவ நானும் தூக்கிட்டா அனுப்புவீங்களா?"

"நீயா? தூக்கு பாப்போம். தூக்கிட்டா நானே பஸ் ஏத்தி வுடுறேன். நவ்ஷாத் சாட்சி."

முக்காட்டை இறுக்கினாள். ரெண்டு தட்டையும் கழற்றி ஓரமாக வைத்தாள். பிஸ்மில்லா சொல்லி, வெறும் கம்பியை இடுப்பு வரைக்கும் தூக்கி நின்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அது வெறும் கம்பி புள்ள. அதுல என்ன கெடக்கு?"

நவ்ஷாத் தலையைச் சொறிந்தான். "மாமா, அந்தக் கம்பியே இருபது கிலோ. தட்ட மட்டும் கணக்குப் பண்ணக் கூடாது."

அண்ணன் தூக்கி முடித்துப் போட்டது போட்டபடி போய்விடுவார். வீடு கூட்டத் தட்டைக் கழற்றி, கம்பியைத் தினமும் நகர்த்துகிறவள் இவள். ஏன் இவ்வளவு கனம் என்று நவ்ஷாதிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தாள்.

ஆனால் அண்ணன் முகம் வாடவில்லை, மலர்ந்தது. "அப்போ நான் தூக்குறது நாப்பதா?"

"ஆமா மச்சான். நாப்பது தூக்குற ஆம்பளைக்கு ஒரு சோத்துப் பானை எம்மாத்திரம்?"

சொன்ன சொல் தவறாமல் அவரே பஸ் ஏற்றிவிட்டார். நேற்றிலிருந்து சோறு கரிகிற வாடை எங்கள் தெரு வரைக்கும் வருகிறது. நீங்கள் அந்தப் பக்கம்தானே போகிறீர்கள், இந்த மீன் குழம்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்களேன்.